சிவப்பு நாற்காலியின் ஐந்து பிரதிகள்

பிளாஸ்டிக் நாற்காலி வாங்குவதாக இருந்தால் நீலத்தில் வாங்குங்கள், சதாசிவம் சார். சிவப்பு ஒரே கோடையில் வெளுத்து ரோஸ் ஆகிவிடும். எங்கள் பக்கத்துப் பந்தல்காரர்கள் எல்லோருமே நீலத்துக்கு மாறிவிட்டார்கள். உங்கள் கலை மன்றத்தில் எனக்குப் போட்டிருக்கும் இதுவும் நீலம்தான். ஆடாமல் நிற்கிறது. இதில் உட்கார்ந்து நிதானமாகவே சொல்லலாம்.

டேப் ரெக்கார்டரை இந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். அங்கே இருந்தால் ஃபேன் சத்தம்தான் விழும்.

என் பெயர் சாராள். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கும் ஜோஷ்வா வீடியோஸ் எங்களுடையது. என் கணவர் ஜோஷ்வா கேமரா பிடிப்பார், நான் லைட் பிடிப்பேன். லைட்டுக்குப் பெண் ஆள் என்பது இந்தக் கடற்கரையில் எங்களிடம் மட்டும்தான் உண்டு. மணப்பெண் அறைக்குள் வேறு வீடியோக்காரர்களை விடமாட்டார்கள். என்னை விடுவார்கள், என் பின்னாலேயே அவரும் நல்ல பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். கோவளத்து நிக்காஹ், மாதா கோயில் கல்யாணம், செங்கல்பட்டு மண்டபங்கள், இந்த டவுன்ஷிப் ஹால் எல்லாவற்றுக்கும் எங்களைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

லைட் பிடிக்கிறவர் படத்தில் வரக் கூடாது. அது தொழில். எங்கள் மகள் அன்பரசியின் கல்யாணத்துக்கும் நான்தான் லைட். "நீ மேடைக்குப் போயிட்டின்னா லைட்டு யாரு புடிப்பா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேசட்டில் தாலி கட்டும் இடத்தில் ஓரமாக என் முழங்கை வருகிறது. ரவிக்கையின் ஜரிகைகூடத் தெளிவாகத் தெரியும். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. முகம் காட்டும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ஆதித்யாவின் விஷயம். உங்கள் டவுன்ஷிப்பில் விஞ்ஞானியாக இருக்கும் ஜானகிராமன் சாரின் மகன். இன்ஜினியரிங் முடித்து, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையும் கிடைத்த பிறகு, சேர மாட்டேன், சினிமாதான் எடுப்பேன் என்று நின்ற பையன். கேசட் போய் சிடி வந்தபோது கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் வேலையை நான் கற்றுக்கொண்டிருந்தேன். அவன் தன் குறும்படத்தை எங்கள் கடைக்குக் கொண்டு வந்தது அப்படித்தான்.

படத்தின் பெயர் 'நீர் பக்கம் ஒரு நாற்காலி'. சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு சிவப்பு நாற்காலி கடலைப் பார்த்துக் கிடக்கிறது. அலை வருகிறது, போகிறது. அனு என்ற பெண் நடந்து வருகிறாள், நாற்காலியைப் பார்க்கிறாள், உட்காராமல் போய்விடுகிறாள். சற்று நேரம் கழித்து மறுபடி வருகிறாள், மறுபடி போகிறாள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. நாற்காலியை நான்தான் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன். அதன் முதுகில் 'கேசவன் பந்தல், புதுப்பட்டினம்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது படம் முழுக்கத் தெரிந்தது. அழித்துவிடலாமா தம்பி என்று கேட்டேன். "இருக்கட்டும் ஆண்டி, அதுதான் யதார்த்தம்" என்றான்.

ஒரு நாள் ஜானகிராமன் சார் கடைக்கே வந்து படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மகனிடம் சத்தம் போடாமல் பேசினார்.

"நம்ம சொந்தக்காரங்க இல்லாத பத்து பேர், எழுந்து போகாம கடைசி வரைக்கும் இதைப் பார்க்கட்டும். ஒரு வருஷம் உன்னை வேலைக்குப் போன்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னா ஜூன்ல கம்பெனி பஸ்ல ஏறிடணும்."

"பத்து பேர்தானேப்பா?"

"பத்து பேர்தான். பெத்த அப்பன் நானே நடுவுல ரெண்டு தடவை வெளியில போயிட்டு வந்தேன்."

அன்று தொடங்கியது விநியோகத் திட்டம். ஆதித்யாவும் அவன் சிநேகிதன் விஷாலும் எங்கள் கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் பேசினார்கள். தியேட்டரில் இடைவேளை, ஓட்டல் டிவி, கேபிள், சென்னையில் திரைப்பட விழா. எல்லா ஊரிலும் கல்யாணத்துக்குப் போன பழக்கம் எனக்கு இருந்ததால் அவனை நானே அழைத்துக்கொண்டு போனேன்.

செங்கல்பட்டுத் தியேட்டர் மேனேஜர் ராஜாராம் பாதிவரை பார்த்தார். "தம்பி, இடைவேளைல சத்தமே இல்லாம கடல ஓட விட்டா, மிஷினு மாட்டிக்கிச்சுன்னு சீட்ட கிழிப்பானுங்க. போண்டா வியாபாரமும் படுத்துக்கும்."

மாமல்லபுரத்தில் மாடியில் ஓட்டல் வைத்திருப்பவர் அதைவிடக் குறைவாகவே பார்த்தார். "வெள்ளக்காரன் மீன் துண்ணுகினே கடல பாக்கத்தான் இங்க வர்றான். நெசக் கடலு எதுர்லயே கீது. அத்த வுட்டுட்டு டிவில கீற கடல எதுக்கு நைனா பாக்கணும்?"

புதுப்பட்டினத்தில் கேபிள் நடத்தும் கண்ணாயிரம் மட்டும் எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டான். போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தான்.

"இன்னாக்கா இது பேஜாரா கீது. நாற்காலி பாட்டுக்கு அங்கயே கீது, ஒருத்தனும் குந்த மாட்றான். அந்தப் பொண்ணுக்குக் கால் வலிக்காதா? ஊரே போன் பண்ணி லைன் கட்டாயிடுச்சுன்னு என்னைத் திட்டிகினு கீது."

ஆதித்யா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "ஜனங்களுக்குப் பொறுமை இல்ல, ஆண்டி" என்றான்.

அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். இதே ஜனங்கள்தான் மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட்டைக் கண் சிமிட்டாமல் பார்க்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியை மட்டும் திருப்பித் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். "த்தோ நானு, த்தோ நானு. ஐயோ போயிடுச்சு, பின்னால ஓட்டு." மணமக்களைக்கூட யாரும் பார்ப்பதில்லை. ஒரு மனிதர் தன்னைப் பார்க்கத்தான் படம் பார்க்கிறார். தான் இல்லையென்றால் தன் மாமா, மாமாவும் இல்லையென்றால் தனக்குப் பிடிக்காத சம்பந்தி. ஆதித்யாவின் படத்தில் இருந்தது ஒரு நாற்காலி. நாற்காலிக்குச் சொந்தக்காரர் கேசவன் ஒருவர்தான். அவர் மட்டும் கடைசி வரை பார்த்தார்.

எங்கள் அலமாரியிலோ இருபது வருடத்துக் கல்யாணம் இருந்தது.

முதல் பிரதியைப் புதுப்பட்டினத்துக்காகச் செய்தேன். அனு நாற்காலியைப் பார்க்கிறாள். ஏதோ யோசிக்கிறாள் அல்லவா? என்ன யோசிக்கிறாள் என்று ஆதித்யா சொல்லவில்லை. நான் சொன்னேன். கண்ணாயிரத்தின் அக்கா கல்யாணத்துப் பந்தியை யோசிக்கிறாள். அந்தப் பந்தியில் கடைத்தெரு முழுக்க இருந்தது. நாற்காலியிலிருந்து பந்திக்கு எப்படிப் போவது என்று யோசித்து, கல்யாண சிடியில் நாங்கள் போடும் அந்தச் சிவப்பு இதயத்தையே போட்டேன். அது கடலிலிருந்து சுழன்று வந்து நாற்காலியை விழுங்கும், திறந்தால் பந்தி. முடியும்போது ரோஜா இதழ்கள் கொட்டி மறுபடி கடல் வரும். பார்க்க அழகாகவே இருந்தது.

ஆதித்யாவிடம் கேட்டீர்களா என்று கேட்கிறீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

கண்ணாயிரத்திடம், படத்தைத் தம்பி திருத்தியிருக்கிறான் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவன் தினமும் போட்டான். அதன்பிறகு விநியோகம் சிரமமாக இல்லை. செங்கல்பட்டுக்கு ஒரு பிரதி, அதில் ராஜாராம் வீட்டு வளைகாப்பு. இடைவேளை முடிந்தும் ஜனம் போண்டாவோடு உள்ளேயே நின்றது. மாமல்லபுரத்துக்கு ஒரு பிரதி. ஓட்டலில் சமையல்காரர்கள் அடுப்பை விட்டு வந்து டிவி முன்னால் நிற்க, ஒரு சட்டி மீன் கருகிப்போனது. திரையில் ஓடியது தன் தங்கை கல்யாணம் என்பதால் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

கோவளத்துப் பிரதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அமிர்தவல்லி என்று ஒரு பெண். அவள் புருஷன் படகோடு போனவன், திரும்பவில்லை. அவன் தன் தம்பி கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியது எங்களிடம் இருந்தது. அமிர்தவல்லி ஒருத்தி அழுதால் தெருவே டீக்கடை டிவிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் இடத்தை மெதுவாக ஓடவிட்டேன். தெரு வந்தது. "இந்தப் படம் எடுத்த புள்ள நல்லா இருக்கணும்" என்று அவள் கும்பிட்டாள். இதில் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

ஒவ்வொரு பிரதியிலும் புதிதாக யாரையாவது சேர்க்க வேண்டியிருந்தது. எங்களை விட்டுவிட்டாயே என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் செங்கல்பட்டுப் பிரதியில் நாற்காலி ஒரே ஒரு முறைதான் வரும். அதுவும் கேசவன் கோபித்துக்கொள்வார் என்பதற்காக.

ஆதித்யா எந்தப் பிரதியையும் பார்க்கவில்லை. கலைஞன் தன் படைப்பைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு கொள்கை. நல்ல கொள்கை. எனக்கும் வசதியாக இருந்தது. வழியில் பார்க்கிறவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் என் முன்னாலேயே ஒரு மீன்காரம்மா அவனை நிறுத்தினாள்.

"தம்பி, படம் சூப்பரு. அந்த எலை எடுக்கற எடத்துல அழுதுட்டேன்பா."

அவள் தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான். "ஆண்டி, என் படத்துல இலையே கிடையாது. அவங்க மனசுல ஒரு இலை விழுந்திருக்கு பாருங்க. பார்க்கறவங்க அவங்களோட படத்தை அவங்களே உருவாக்கிக்கறாங்க."

"ஆமாம் தம்பி, அப்படித்தான்" என்றேன். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

டவுன்ஷிப் பிரதி ஐந்தாவது. அது உங்கள் மன்றத்தின் சிடி அலமாரியில் இருந்ததே, நீங்களும் அதை இரண்டு முறை வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். உங்கள் மைத்துனரின் ரிசப்ஷனில் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு, கேமரா வந்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, அந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள்.

இந்தப் புகழில்தான் நீங்கள் போன சனிக்கிழமை ஹாலில் பொதுத் திரையிடல் வைத்தீர்கள். ஐந்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டு. ஆதித்யா தன் கையில் இருந்த அசல் டேப்பையே கொண்டுவந்துவிட்டான். என்னிடம் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

நான் கடைசி வரிசையில் நின்றேன். நாற்காலி வந்தது, கடல் வந்தது. ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அலை ஒன்று அடித்து முடித்ததும் இதோ நம் அத்தை வந்துவிடுவாள் என்று அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். அத்தை வரவில்லை. அனு வந்தாள், போனாள். மறுபடி சாய்ந்தார்கள். தண்ணீர் கேட்ட குழந்தையை ஒரு தாய், "சும்மா கெட, நம்ம தாத்தா வர்ற நேரம்" என்று வாயைப் பொத்தினாள். அப்படியே படம் முடிந்தது. உங்கள் ஹால் சரித்திரத்தில் ஒரு சினிமாவை ஜனம் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்காது.

லைட் போட்டதும் கண்ணாயிரம் எழுந்தான். "அவ்ளோதானா? எங்கக்கா எங்க?"

"உங்கக்காவா? எங்க சாம்பார் வாளிக்காரனையே காணோம்" என்றார்கள் கோவளத்துக்காரர்கள்.

"அந்தப் படத்துல சாம்பாரே கெடையாதுப்பா. வளைகாப்புதான்" என்றார் ராஜாராம்.

"யாருகிட்ட கத வுடுற? நான் ஏழு வாட்டி பாத்துகீறேன். நைனா, எங்காளுங்கள வெட்டினது யாருன்னு இப்ப சொல்லு" என்று மாமல்லபுரத்து ஓட்டல்காரர் மேடையைப் பார்த்துக் கத்தினார்.

மேடையில் நின்ற ஆதித்யா, தன் படத்துக்குள் ஐந்து படம் இருப்பதாகவும் ஜனங்கள் அர்த்தத்துக்காகச் சண்டை போடுவதாகவும் நினைத்துச் சிறிது நேரம் சந்தோஷமாக இருந்தான். ராஜாராம் நாற்காலியைத் தூக்கிய பிறகுதான் அவன் முகம் மாறியது. ஜானகிராமன் சார் மட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த தன் மனைவி கல்யாணி அம்மாவிடம் சொன்னார். "கடைசி வரைக்கும் ஒருத்தர்கூட எழுந்து போகல. கவனிச்சியா?"

மறுநாள் ஐந்து பிரதிகளும் உங்கள் மேசைக்கு வந்துவிட்டன. அப்பாவை ஏமாற்ற மகன்தான் இதைச் செய்தான் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். ஜானகிராமன் சாரும் அப்படியே நம்பிவிட்டார், திங்கள்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் வந்திருப்பது அதற்காகத்தான். பையனுக்கு எதுவும் தெரியாது. வெட்டியது நான், ஒட்டியது நான், இதழ்களைக் கொட்டியது நான். ஜானகிராமன் சாரிடம் இதையும் சொல்லுங்கள். சனிக்கிழமை ஹால் நிறைய ஜனம் உட்கார்ந்து பார்த்தது என் பிரதியை அல்ல, அவன் அசலை. பந்தயம் பத்து பேர்தான். யாரை எதிர்பார்த்து உட்கார்ந்தார்கள் என்பது பந்தயத்தில் இல்லை.

அதுபோக, சென்னைத் திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வாகிவிட்டதாக நேற்று பையனுக்குப் போன் வந்திருக்கிறது. எங்கள் கடைக்கு ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "இனிமே அப்பா ஒண்ணும் சொல்ல முடியாது, ஆண்டி. அங்க இருக்கறவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. அவங்க பார்த்தது என் படத்தை மட்டும்தான்" என்றான்.

இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்து பிரதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு.

விழாவுக்கு அனுப்ப வேண்டிய சிடியை ஆதித்யா என்னிடம்தான் கொடுத்தான். கொரியரில் போடுவதற்குமுன் யோசித்துப் பார்த்தேன். சென்னைக்காரர்களுக்கு இங்கே சொந்தம் கிடையாது. யாரைப் போட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனால் கண்ணாயிரம் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இவ்வளவு நேரம் ஒரு நாற்காலியைக் காட்டினால் யாராவது அதில் உட்கார வேண்டும்.

கேசவனிடம் அதே சிவப்பு நாற்காலியை மறுபடி எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் போனேன். கடலுக்கு முதுகைக் காட்டும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பந்தல்காரர் பெயரும் மறைந்தது, மேற்கு வெயிலும் நேராக முகத்தில் விழுந்தது. எந்த வெயில் முகத்துக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக மற்றவர்கள் முகத்தில் அதைத்தான் விழவைத்துக்கொண்டிருக்கிறேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்பரசி கல்யாணத்துக்குக் கட்டிய புடவைதான். வேறு நல்ல புடவை எதுவும் அன்று வெளியில் இல்லை. படத்தில் பாதி நான் உட்கார்ந்திருப்பதுதான். இதயம் கிடையாது, ரோஜா இதழ் கிடையாது. அதெல்லாம் கவனத்தைக் கலைக்கும்.

அனுவை எடுத்துவிட்டேன். தேவைப்படவில்லை.

விழாக்காரர்கள் போனில், கடைசியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா யார் என்று கேட்டார்களாம். ஆதித்யா அதையும் ஏதோ அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். அவனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அவன் உங்கள் பேச்சைக் கேட்பான்.

நான் செய்தது எல்லாமே படத்துக்காகத்தான். எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது பிரதி இதோ பையில் இருக்கிறது. சாட்சியாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உண்மை தெரிய வேண்டும் என்றால் எல்லா ஊர்க்காரர்களையும் இன்னொரு முறை ஹாலுக்குக் கூப்பிட்டு இதைப் போட்டுக் காட்டுவதுதான் முறை. ஜோஷ்வாவை முன் வரிசையில் உட்கார வையுங்கள், அன்பரசிக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

ஹாலில் லைட்டை மட்டும் யாராவது அணைத்துவிடுங்கள், சார். அன்றைக்கு என்னால் எழுந்து போக முடியாது.